'ஒ' என்னும் ஜப்பானிய உருபும் நம்முடைய 'ஐ'யும்

மியான்மரின் யாங்கோனில் முன்பு ஓடிய பழைய ஜப்பானியப் பேருந்துகளில், அவை ஜப்பானில் ஓடிய காலத்தில் ஒட்டப்பட்ட அறிவிப்புகள் கிழிக்கப்படாமல் அப்படியே இருக்கும். சிறு வயதில் நான் அவற்றைப் பொருள் தெரியாத கோலங்களாகவே பார்த்து வந்தேன். ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆன பிறகு, ஒருநாள் மாலை வீடு திரும்பும்போது, சன்னல் ஓரத்துக் கம்பியில் இருந்த அறிவிப்பின் ஒரு பகுதியை முதன்முறையாக வாசித்துவிட்டேன். 'பொத்தன் ஒ ஒஷித்தெ குதசாய்' என்று அதில் இருந்தது. 'பொத்தானை அழுத்துங்கள்' என்பது அதன் பொருள். போர்த்துக்கீசியர் ஜப்பானுக்குக் கொண்டுபோன சொல் 'பொத்தன்' ஆயிற்று. அதே போர்த்துக்கீசியச் சொல் தமிழுக்கு வந்து 'பொத்தான்' ஆயிற்று. ஆகவே அந்த வாக்கியத்தில் முதற்சொல் எனக்குத் தெரிந்த சொல்லாகவே இருந்தது. அதை அடுத்து நின்ற 'ஒ' என்ற ஒற்றை எழுத்து, 'பொத்தானை' என்பதில் உள்ள ஐகாரத்தின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அந்த ஓர் எழுத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஜப்பானிய மொழி படிக்கும் இளைஞர்களின் கூட்டம் பெரிது. எங்கள் தெருவிலேயே நான்கு தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். மாலை வேளையில் அவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். அவர்களுடைய வகுப்புகள் பர்மிய மொழியில் நடக்கின்றன, விளக்கக் குறிப்புகளும் பர்மிய மொழியிலேயே அச்சாகின்றன. என்னுடைய காலத்திலும் அப்படித்தான். ஆறாவது பாடத்தில் எங்கள் சயாமா (ஆசிரியை) கரும்பலகையில் 'ஒ' என்று எழுதி, அதற்கு நேராகப் பர்மிய 'கோ' என்னும் உருபை எழுதி, நடுவில் சமக்குறி போட்டார். நாங்கள் அனைவரும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். பின்னர் ஓராண்டு முழுவதும் நான் செய்த பிழைகளில் பாதி அந்தச் சமக்குறியிலிருந்து பிறந்தவை. மீதிப் பாதி, நான் யாரிடமும் சொல்லாமல் மனத்துக்குள் போட்டுக்கொண்ட இன்னொரு சமக்குறியிலிருந்து பிறந்தவை: 'ஒ' என்றால் 'ஐ'. இரண்டு சமக்குறிகளும் எங்கே பொருந்துகின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதை ஒருவர் எனக்கு அன்றே சொல்லியிருந்தால் நான் மிகவும் நன்றியுடையவளாக இருந்திருப்பேன்.

முதலில் அந்த எழுத்தைப் பற்றிச் சில சொற்கள். ஜப்பானிய அகரவரிசையில் 'ஒ' என்று ஒலிக்கும் எழுத்துகள் இரண்டு உள்ளன. ஒன்று எல்லாச் சொற்களிலும் வருவது. மற்றொன்று வகர வரிசையைச் சேர்ந்தது, முற்காலத்தில் 'வொ' என்று ஒலித்தது, இன்று வேறு எந்த வேலையும் இல்லாமல் இந்த உருபுக்காக மட்டுமே வாழ்ந்துகொண்டிருப்பது. 1946இல் ஜப்பானிய எழுத்துமுறை சீர்திருத்தப்பட்டு, ஒலிப்புக்கு ஏற்ப எழுதும் முறை வந்தபோதும், மூன்று உருபுகளுக்கு மட்டும் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டார்கள். அவற்றுள் இது ஒன்று. கணினியிலும் கைப்பேசியிலும் இதைத் தட்டச்சு செய்ய 'வொ' என்றே அடிக்க வேண்டும். 'தொலைவு' என்று பொருள்படும் சீன எழுத்தை விரைந்து எழுதியதில் பிறந்த வடிவம் இது. தொடக்கநிலை மாணவருக்கு இதனால் பெரிய நன்மை உண்டு. ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை. ஆனால் இந்த எழுத்தைக் கண்ட இடத்தில், இதற்கு முன்னால் இருப்பது பெயர்ச்சொல், இதற்குப் பின்னால் எங்கோ ஒரு வினைச்சொல் காத்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், கலைத்துப் போட்ட நான்கு துண்டுகளை வரிசைப்படுத்தி, நட்சத்திரக் குறி உள்ள இடத்தில் எது வரும் என்று கேட்கும் வினாக்கள் உண்டு. அங்கே நான் முதலில் தேடுவது இந்த எழுத்தைத்தான்.

தமிழ் பேசும் பிள்ளைக்குச் சொல்வரிசையை விளக்க வேண்டியதே இல்லை. 'மிஸு ஒ நொமிமஸ்' என்றால் 'தண்ணீரைக் குடிக்கிறேன்'. 'ஹொன் ஒ யொமிமஸ்' என்றால் 'புத்தகத்தைப் படிக்கிறேன்'. பெயர், உருபு, வினை என்ற வரிசை நம் நாவில் பிறப்பிலேயே இருக்கிறது. நாம் 'மரம்' என்பதை 'மரத்தை' என்றும், 'வீடு' என்பதை 'வீட்டை' என்றும், 'ஆறு' என்பதை 'ஆற்றை' என்றும் மாற்றிப் பழகியவர்கள். ஜப்பானியத்தில் பெயர்ச்சொல் அசையாமல் நிற்க, உருபு மட்டும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். சாரியை இல்லை, இரட்டித்தல் இல்லை, வல்லினம் மிகுதலும் இல்லை. இது வரை எல்லாம் எளிது.

என்னுடைய முதல் சறுக்கல் உருபைப் போடுவதில் நேரவில்லை, விடுவதில் நேர்ந்தது. வகுப்பில் 'நேற்று நான் செய்தவை' என்று பத்து வரி எழுதச் சொன்னார்கள். புத்தகம் படித்தேன், கடிதம் எழுதினேன், காய்கறி வாங்கினேன் என்று தமிழில் நினைத்து, 'ஹொன் யொமிமஷித்தா' என்று உருபே இல்லாமல் எழுதிக்கொண்டு போனேன். பத்து வரியில் ஏழு வரிக்குச் சிவப்புக் கோடு விழுந்தது. வீட்டுக்கு வந்து, தாத்தா விட்டுச்சென்ற இலக்கண நூலை எடுத்துப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது விளங்கியது. 'புத்தகம் படித்தேன்' என்பது நம் இலக்கணத்தில் இரண்டாம் வேற்றுமைத் தொகை. ஐ உருபு மறைந்து நிற்கிறது. எந்தப் புத்தகம் என்பது முக்கியமில்லாதபோது நாம் உருபை மறைக்கிறோம். குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும்போது வெளிப்படுத்துகிறோம். 'பெண் பார்த்தார்கள்' என்றால் திருமணத்துக்கு வரன் தேடிப் போனார்கள். 'பெண்ணைப் பார்த்தார்கள்' என்றால் இன்னாள் என்று தெரிந்த ஒருத்தியைக் கண்டார்கள். ஓர் ஐகாரம் இருப்பதிலும் இல்லாததிலும் இவ்வளவு பொருள் வேறுபாட்டை வைத்திருக்கும் மொழி நம்முடையது. பர்மியத்திலும் ஏறக்குறைய இதே பழக்கம்தான். புத்தகம், சோறு போன்ற உயிரற்ற பொருள்களுக்குப் பேச்சில் 'கோ' பெரும்பாலும் வருவதில்லை, யார் யாரை என்ன செய்தார் என்ற குழப்பம் நேரும் இடத்திலேயே அது கட்டாயமாகிறது.

ஜப்பானிய 'ஒ' இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை. ஏதோ ஒரு புத்தகம் என்றாலும், நேற்று நீ கொடுத்த அந்தப் புத்தகம் என்றாலும், மனிதர் என்றாலும், மாடு என்றாலும், மண்சட்டி என்றாலும், எழுத்தில் அதே 'ஒ' வர வேண்டும். குறிப்பிட்ட பொருள் என்று காட்ட வேண்டுமானால் 'அந்த' என்ற சுட்டுச்சொல்லை முன்னால் சேர்க்க வேண்டும். அந்த வேலையை உருபு செய்யாது. தமிழும் பர்மியமும் தெரிந்தவர் இதை முதல் நாளிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டு தாய்மொழிகளும் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கின்றன.

இனி 'கோ'வின் தொல்லைக்கு வருகிறேன். பர்மிய 'கோ' மூன்று வேலைகளைச் சுமக்கிறது. 'அவனைப் பார்த்தேன்' என்பதற்கும் 'கோ', 'அவனுக்குக் கொடுத்தேன்' என்பதற்கும் 'கோ', 'யாங்கோனுக்குப் போகிறேன்' என்பதற்கும் 'கோ'. ஆகவே சமக்குறியை நம்பிய மாணவர் 'தோக்கியோவுக்குப் போகிறேன்' என்பதை 'தோக்கியோ ஒ இகிமஸ்' என்று எழுதுகிறார். அது பிழை, 'தோக்கியோ நி இகிமஸ்' அல்லது 'தோக்கியோ எ இகிமஸ்' என்று இருக்க வேண்டும். 'தம்பிக்குப் புத்தகம் கொடுத்தேன்' என்பதில் தம்பிக்கு 'நி', புத்தகத்துக்கு 'ஒ'. பர்மிய நண்பர்கள் இதைப் பிரித்துக் கற்கப் படும் பாட்டை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். தமிழருக்கு இது பாடே இல்லை. நான்காம் வேற்றுமைக் 'கு' வரும் இடத்தில் பெரும்பாலும் 'நி', இரண்டாம் வேற்றுமை வரும் இடத்தில் பெரும்பாலும் 'ஒ' என்று நம் மொழி ஏற்கெனவே பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் பள்ளியில் பர்மியத்திலேயே படித்து வளர்ந்தவர்கள். வகுப்பறைக்குள் நுழைந்ததும் தமிழைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டுப் பர்மியத்தில் நினைக்கத் தொடங்குகிறார்கள். இலக்கணம் என்றாலே பர்மியத்தில்தான் நினைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, எனினும் அவர்கள் அப்படியே நம்புகிறார்கள். நானும் நம்பினேன். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது. வீட்டில் அம்மாவிடம் பேசும் மொழியிலேயே விடை இருக்கும்போது, விடை இல்லாத இடத்தில் தேடி மதிப்பெண் இழக்கிறோம்.

அதே சமயம் 'ஐ'யையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. இதற்கு நான் கண்டுபிடித்த நல்ல அளவுகோல் பவணந்தி முனிவரின் நன்னூல். இரண்டாம் வேற்றுமைக்கு அவர் ஆறு பொருள்களைப் பெயர் சொல்லித் தருகிறார்: ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அவர் ஜப்பானிய மொழியை நினைத்து எழுதவில்லை. ஆயினும் இந்த ஆறையும் ஒவ்வொன்றாக ஜப்பானியத்தில் வைத்துப் பார்த்தபோது, என்னுடைய பிழைகள் எல்லாம் வரிசையாக வெளிப்பட்டு நின்றன.

ஆக்கல் பொருந்துகிறது. வீட்டைக் கட்டினாலும் சோற்றைச் சமைத்தாலும் கடிதத்தை எழுதினாலும் 'ஒ' வரும். அழித்தலும் பொருந்துகிறது, சட்டியை உடைத்தாலும் சுவரை இடித்தாலும் 'ஒ'தான். அடைதலில் வழி பிரிகிறது. 'ஊரை அடைந்தேன்' என்று நாம் ஐ போடுகிறோம். ஜப்பானியருக்குச் சென்று சேரும் இடம் செயப்படுபொருள் அன்று, ஒரு புள்ளி. ஆகவே 'மச்சி நி த்ஸுகிமஸ்' என்று 'நி' வரும். 'ஊருக்கு வந்து சேர்ந்தேன்' என்று தமிழில் மாற்றிச் சொல்லிப் பார்த்தால் 'கு' தானாக வந்துவிடும், பிழையும் நேராது. நீத்தல் மிக அழகாகப் பொருந்துகிறது, இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். ஒத்தல் பொருந்தவில்லை. 'அவள் தாயைப் போல இருக்கிறாள்' என்பதில் தாய்க்கு ஐ வருகிறது; ஜப்பானியத்தில் 'ஹஹ நி நித்தெ இமஸ்', அதாவது 'நி'. உடைமை பாதி பொருந்துகிறது, பாதி பொருந்தவில்லை. 'பணம் இருக்கிறது' என்னும் பொருளில் 'அரிமஸ்' என்ற வினையைப் பயன்படுத்தினால் பணத்துக்கு 'க' என்ற எழுவாய் உருபு வரும் (மங்கை என்பதில் ககரம் ஒலிப்பது போல இதை ஒலிக்க வேண்டும்). 'பணத்தை வைத்திருக்கிறேன்' என்னும் பொருளில் 'மொத்தெ இமஸ்' என்றால் 'ஒ' வரும். தமிழிலும் 'என்னிடம் பணம் இருக்கிறது' என்பதில் பணம் எழுவாய், 'பணத்தை வைத்திருக்கிறேன்' என்பதில் பணம் செயப்படுபொருள். எனவே நவீனத் தமிழை நினைத்தால் இங்கே தவறவே மாட்டோம்.

இப்போது நீத்தல். தொடக்கநிலைப் பாடநூல்கள் 'ஒ' என்பது செயப்படுபொருள் உருபு என்று சொல்லிவிட்டு, சில பாடங்கள் கழித்து 'உச்சி ஒ தெமஸ்' என்ற வாக்கியத்தைக் கொண்டுவருகின்றன. வீட்டிலிருந்து வெளியே வருகிறேன் என்பது பொருள். 'தென்ஷா ஒ ஒரிமஸ்', ரயிலிலிருந்து இறங்குகிறேன். வகுப்பில் எல்லோரும் திகைப்பார்கள். வெளியே வருவதும் இறங்குவதும் செயப்படுபொருள் குன்றிய வினைகள் ஆயிற்றே, அங்கே எப்படி இந்த உருபு வரலாம்? ஆசிரியர்கள் 'இது விதிவிலக்கு, மனப்பாடம் செய்யுங்கள்' என்பார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இதில் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. 'வீட்டை விட்டுப் புறப்பட்டேன்', 'ரயிலை விட்டு இறங்கினேன்', 'ஊரை நீங்கினேன்' என்று நாம் ஐ போட்டுத்தான் பேசுகிறோம். நீங்கும் இடம் இரண்டாம் வேற்றுமையில் வரும் என்று நன்னூல் சொன்னதையே ஜப்பானியரும் செய்கிறார்கள். ஒரு சிறு எச்சரிக்கை மட்டும் உண்டு: தன் விருப்பத்தால் நீங்குபவருக்கே இது பொருந்தும். புகைபோக்கியிலிருந்து புகை வருகிறது என்றால் 'ஒ' போட முடியாது, 'கர' என்ற நீங்கல் உருபுதான் வர வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'தைகாகு ஒ தெமஷித்தா' என்று ஒருவர் சொன்னால், பல்கலைக்கழகத்தை விட்டு ஓடிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். படித்து முடித்துப் பட்டம் பெற்றார் என்பதே அதன் வழக்கமான பொருள்.

நீத்தலுக்கு உடன்பிறந்தது கடத்தல். நாங்கள் பீலிக்கான் அங்காள பரமேசுவரி கோயிலுக்குப் போகும்போது தன்லின் பாலத்தைக் கடக்கிறோம். 'பாலத்தைக் கடக்கிறோம்' என்பதில் ஐ இருக்கிறது. 'ஹஷி ஒ வத்தாரிமஸ்' என்பதில் 'ஒ' இருக்கிறது. தெருவைக் கடந்தாலும் ஆற்றைக் கடந்தாலும் இப்படியே. ஆனால் ஜப்பானியர் இந்த எண்ணத்தை நம்மைவிட இன்னும் நெடுந்தூரம் கொண்டுசெல்கிறார்கள். பறவை வானத்தில் பறக்கிறது என்று நாம் ஏழாம் வேற்றுமையில் சொல்வதை அவர்கள் 'ஸொரா ஒ தொபிமஸ்' என்கிறார்கள். மூலையில் திரும்புவதும், பூங்காவில் உலாவுவதும், பாதையில் நடப்பதும் அவர்களுக்கு 'ஒ'தான். இங்கே தமிழ் நம்மை 'இல்' என்ற உருபின் பக்கம் இழுக்கும். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இது: கண்டோஜி ஏரிக்கரையில் உட்கார்ந்து விளையாடினால் அந்த இடம் ஒரு களம், அதற்கு 'தெ' என்ற உருபு வரும்; அந்தக் கரை நெடுகக் கால் பதித்து நடந்து போனால், நடக்க நடக்க அந்த இடத்தை நாம் கடந்துகொண்டிருக்கிறோம், அதற்கு 'ஒ' வரும். இடம் நம்மைச் சுற்றி நிற்கிறதா, நம் காலடியில் கடந்து போகிறதா என்று கேட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும்.

தமிழர் எல்லோரும் தவறாமல் விழும் குழி 'சந்தித்தல்'. என் மாணவர்களில் ஒரு தம்பி, கூர்மையான பிள்ளை, ஒருநாள் கோபத்தோடு கேட்டான்: "அக்கா, நண்பனைச் சந்தித்தேன் என்றால் ஐ வருகிறதே, பிறகு ஏன் 'தொமொதச்சி நி அயிமஸ்' என்று 'நி' போடச் சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. ஜப்பானிய வினையான 'அவு' என்பது ஒருவர்மேல் நாம் செய்யும் செயலன்று, இருவர் எதிர்ப்படுவது. 'நண்பனுக்கு எதிர்ப்பட்டேன்' என்று தமிழில் சொன்னால் 'கு' வருகிறது அல்லவா, அதை நினைத்துக்கொள் என்றேன். அதன் பிறகு அவன் அந்தப் பிழையைச் செய்யவில்லை. தொடுதலும் இப்படியே, 'அதைத் தொட்டேன்' என்று நாம் சொல்ல, அவர்கள் 'நி ஸவரிமஸ்' என்பார்கள், 'அதன்மேல் கை பட்டது' என்று நினைத்தால் சரியாகிவிடும். வெல்லுதலிலும் எதிரிக்கு 'நி'.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 'கேட்டல்'. ஜப்பானியத்தில் 'கிகிமஸ்' என்ற ஒரே வினை, காதால் கேட்பதற்கும் வினா எழுப்பிக் கேட்பதற்கும் பொது. தமிழிலும் 'கேள்' என்ற ஒரே வினை இரண்டுக்கும் பொது! பர்மியத்தில் இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஆகவே பர்மிய வழியாகக் கற்பவர் இதை இரண்டு சொற்களாகப் பிரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. நமக்கு ஒரே சொல். பாட்டைக் கேட்டேன்: 'உதா ஒ கிகிமஷித்தா'. வழியைக் கேட்டேன்: 'மிச்சி ஒ கிகிமஷித்தா'. ஆசிரியரைக் கேட்டேன் என்று நாம் பேச்சில் ஐ போடலாம். ஜப்பானியரோ ஆசிரியருக்கு 'நி' போடுவார்கள். 'ஆசிரியரிடம் வழியைக் கேட்டேன்' என்று செம்மையான தமிழில் சொல்லிப் பழகியிருந்தால், 'ஸென்ஸெய் நி மிச்சி ஒ கிகிமஷித்தா' என்பது சொல்லுக்குச் சொல் பொருந்தி வரும். கேட்கப்படும் பொருளுக்கு 'ஒ', கேட்கப்படும் ஆளுக்கு 'நி'. இந்த ஒரு வாக்கியத்தை நான் எல்லோருக்கும் முதலில் கற்றுத் தருகிறேன்.

விருப்பமும் அறிவும் வேறொரு வகை. 'எனக்கு ஜப்பானிய மொழி புரிகிறது' என்பதில் நமக்கு ஐ வருவதில்லை. 'நிஹொங்கொ க வகரிமஸ்' என்று அவர்களும் 'ஒ' போடுவதில்லை. 'எனக்குத் தோசை பிடிக்கும்' என்பதிலும் இப்படியே. எங்கே இடறுகிறோம் என்றால், பிடிப்பது மனிதராக இருக்கும்போது. 'எனக்கு அவரைப் பிடிக்கும்' என்று தமிழில் ஐ வந்துவிடுகிறது, ஜப்பானியத்தில் அப்போதும் 'க'தான். ஆனால் 'அவரைத் தெரியும்' என்பதற்கு, அவர்களுடைய 'ஷித்தெ இமஸ்' என்ற வினையோடு 'ஒ' வரும், நம் ஐயும் அதனோடு ஒத்துப்போகும். 'தண்ணீர் குடிக்க விரும்புகிறேன்' என்பதற்கு 'க', 'ஒ' இரண்டுமே வழக்கில் உள்ளன. இதற்காக யாரும் தூக்கம் இழக்க வேண்டாம்.

தன்வினை பிறவினை இணைகளைப் பற்றித் தமிழருக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கதவு திறந்தது, கதவைத் திறந்தேன். 'தோஆ க அகிமஸ்', 'தோஆ ஒ அகெமஸ்'. சட்டி உடைந்தது, சட்டியை உடைத்தேன். ஓடு என்பதற்கு ஓட்டு, திரும்பு என்பதற்கு திருப்பு என்று இணை இணையாக வினைகளை வைத்திருக்கும் நமக்கு, ஜப்பானியர் ஏன் பல வினைகளை இரண்டிரண்டாக வைத்திருக்கிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பர்மியத்திலும் மூச்சொலி சேர்த்துப் பிறவினை ஆக்கும் சில இணைகள் உண்டு. 'விழு' என்பதற்கு 'ச்ய', 'விழச்செய்' என்பதற்கு அதே சொல்லை மூச்சோடு. எனவே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்தப் பகுதியில் இருமடங்கு பலத்தோடு வருகிறார்கள்.

இரண்டு சிறு செய்திகள் மட்டும் மீதம் இருக்கின்றன. ஒன்று, ஒரு வினைக்கு இரண்டு 'ஒ' வராது. 'வீட்டைச் சுத்தம் செய்தேன்' என்பதில் வீட்டுக்கு ஐ கொடுத்துவிட்ட பிறகு 'சுத்தத்தை' என்று யாரும் சொல்வதில்லை. 'உச்சி ஒ ஸோஜி ஷிமஷித்தா' என்பதிலும் அப்படியே, 'ஸோஜி'க்குப் பின் உருபு வராது. மற்றொன்று, 'உம்' என்று பொருள்படும் 'மொ' வந்தால் 'ஒ' இடத்தை விட்டு எழுந்துவிடும். நாம் 'தண்ணீரையும்' என்று ஐயையும் உம்மையும் அடுத்தடுத்து வைக்கிறோம். இன்றைய ஜப்பானியத்தில் 'மிஸு மொ' என்றே வரும். 'மீன் என்றால், நான் சாப்பிடுவதில்லை' என்பது போல ஒன்றைத் தனித்து எடுத்துப் பேசும் 'வ' வந்தாலும் 'ஒ' மறையும். 'நி'க்கு இந்தப் பணிவு இல்லை, அது 'நி வ' என்றும் 'நி மொ' என்றும் கூடவே நிற்கும்.

கோபத்தோடு கேள்வி கேட்ட அந்தத் தம்பி முதியோரைப் பராமரிக்கும் வேலைக்காக ஜப்பானுக்குப் போய்விட்டான். 2019இல் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன்' என்னும் ஜப்பானிய வேலை விசாவில் போவதற்கு, பொதுவான ஜப்பானியத் தேர்வோடு பராமரிப்புத் துறைக்குரிய மொழித் தேர்விலும் தேற வேண்டும். அந்தத் தேர்வுக்காக நாங்கள் இருவரும் உட்கார்ந்து பயின்ற வாக்கியங்கள் எல்லாம் இந்த உருபைச் சுற்றியவை: தாத்தாவை எழுப்புகிறேன், மருந்தைக் கொடுக்கிறேன், படுக்கையை விட்டு இறங்க உதவுகிறேன், சக்கர நாற்காலியைத் தள்ளுகிறேன். யாருக்கு எதை என்பது மாறிவிட்டால், அது தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண். ஒரு முதியவரின் படுக்கை அருகே அப்படி இல்லை. அதனால்தான் அவனிடம் நான் கண்டிப்பாக இருந்தேன்.

சென்ற மாதம் அவன் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். அவன் பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மா ஒருவர், அவன் உள்ளே நுழைந்ததும், 'கொஹன் தபெத்தா?' என்று கேட்கிறாராம். 'சோறு சாப்பிட்டாயா?' 'கொஹன்' என்பதற்குப் பிறகு வர வேண்டிய 'ஒ' இல்லை. பேச்சில் ஜப்பானியரும் உருபை இப்படி விட்டுவிடுவார்கள். நம் வேற்றுமைத் தொகை அங்கேயும் இருக்கிறது, எழுத்தில் மட்டும்தான் அவர்கள் கண்டிப்பானவர்கள். "அம்மா கேட்பது போலவே இருக்கிறது, அக்கா. நான் 'ஒ' சேர்த்துப் பதில் சொல்லவா, சேர்க்காமல் சொல்லவா?" என்று கேட்டிருந்தான். பணிக்குறிப்பேட்டில் எழுதும்போது ஒவ்வோர் இடத்திலும் 'ஒ' போடு, பாட்டியம்மாவிடம் சேர்க்காமல் சொல் என்று பதில் அனுப்பினேன்.